இரண்டாவது அகப்பை

ருக்னுதீன் தன் கடையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முதலாளி உட்காரும் இடத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் எந்நேரமும் ஒரு பூனை படுத்திருக்கும். அவர் ரயிலடிக்கும் படகுத்துறைக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார். வண்டி வருகிறதா என்று ஒரு நடை, படகு வருகிறதா என்று ஒரு நடை. நடுவில் அடுப்படிக்குள் ரொட்டிக்காரனிடம் தலையை நீட்டி, "மாவு என்னாச்சு சுல்தான்?" என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

அப்போது ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குத் தரை வழி கிடையாது. வடக்கேயிருந்து வரும் ரயில் கடலோரத்தில் நின்றுவிடும். சிங்கப்பூர் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி, துறையில் நீராவிப் படகுக்குக் காத்திருந்து, அக்கரையில் உட்லண்ட்ஸில் வேறு ரயில் ஏற வேண்டும். அந்தக் காத்திருப்பு சில நாள் அரை மணி, சில நாள் ஒரு மணி. ருக்னுதீன் கடையின் அஸ்திவாரமே அதுதான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் அப்பா காளியப்பன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொன்னதை எழுதிவைக்க எனக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ருக்னுதீன் ஜொகூருக்கு வந்தது 1912இல். ஊர் கீழக்கரைக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமம். முதலில் கூடையில் பணியாரம் வைத்துத் துறையில் விற்றார். அடுத்த வருஷம் அத்தாப்பு ஓலையில் ஒரு கொட்டகை. அதற்கடுத்த வருஷம் கொட்டகையில் பலகை மேசைகள். வேகமாக வளர்ந்ததற்கு இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, ரயில் ஊதல். ஊருக்கு வெளியே வளைவில் வண்டி ஒரு முறை ஊதும். அது காதில் விழுந்ததும் சுல்தான் முதல் ரொட்டியை வீசிக் கல்லில் போடுவான். ஊதலுக்கு முன்னால் போட்டால் ரொட்டி விறைத்துப்போகும், தாமதித்தால் படகு வந்துவிடும். ஊதலில் போட்டால், பயணிகள் இறங்கி நடந்து கடைக்குள் வரும்போது ரொட்டி சுடச்சுட இலைக்கு வரும். ஐந்தாறு கடைகள் இருந்த துறையில் இந்தக் கணக்கைப் பிடித்தது ருக்னுதீன் மட்டும்தான்.

மற்றது, இரண்டாவது அகப்பை. மீன் குழம்பை அவர் தன் ஊர் வழக்கப்படி ஆணம் என்பார். யார் வந்து உட்கார்ந்தாலும், மலாய்க்காரரோ சீனரோ தோட்டத்துக் கூலியோ, இலையில் ஆணம் தீரும் சமயம் பார்த்து அவர் பின்னால் வந்து நிற்பார். கேட்காமலே இன்னொரு அகப்பை விழும். அதற்குத் தனியாக எதுவும் வாங்க மாட்டார். இதை வேறு யார் கையிலும் விட மாட்டார். சிரட்டையில் மூங்கில் காம்பு போட்ட அந்த அகப்பை அவர் கையோடு ஒட்டிப் பிறந்தது போல இருக்கும் என்பார் அப்பா.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அவருடைய வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். சின்ன வயதில் ருக்னுதீன் வளர்ந்தது தர்கா வாசலில் கொடுக்கும் நேர்ச்சைச் சோற்றில். இலையில் கட்டிய பொட்டலம். வரிசையில் நின்று கை நீட்டி வாங்க வேண்டும், வாங்கியதும் நகர்ந்துவிட வேண்டும். ஒரு நாள் அவர் இன்னும் கொஞ்சம் ஆணம் கேட்டார். "ஒருத்தனுக்கு ஒரு பொட்டலம்" என்றார் கொடுத்தவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடை வைத்தபோது ருக்னுதீன் இரண்டு முடிவு எடுத்தார். தன் கடையில் சாப்பிடுகிறவன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், இரண்டாவது தடவை கேட்காமலே கிடைக்க வேண்டும். பொட்டலம் என்ற பேச்சே கூடாது.

அவர் மனைவி சம்சாத் பேகத்துக்கு இது விளங்கவே இல்லை. அவர் ஜொகூரிலேயே, கெலாங் பாத்தா என்ற கடலோர ஊரில் பிறந்தவர். தகப்பனார் படகில் துணி விற்ற தமிழர், தாயார் மலாய்க்காரி. அந்தப் பக்கம் கடலுக்குப் போகிறவனும் காட்டுக்குப் போகிறவனும் இலையில் கட்டிய சோற்றோடுதான் போவான், அதற்குப் பொங்குஸ் என்று பேர்.

"படக விட்டுருவோம்னு எத்தன பேரு பசியோட ஓடறாங்க. பொங்குஸ் பண்ணிக் குடுத்தா என்ன மச்சான்?" என்று கேட்டார் ஒரு நாள்.

"கட்டுன சோத்த வாங்கித் தின்னவன் நான். அத விக்கறவனா ஆக மாட்டேன்."

"அது நேர்ச்சை. இது யாவாரம் லா."

"ரெண்டும் ஒரே எலதான்" என்று சொல்லிவிட்டுப் படகைப் பார்க்கப் போய்விட்டார்.

1919இல் கடலுக்குள் கல் கொட்டத் தொடங்கினார்கள். அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே கல்லாலேயே பாதை போட்டு, அதன் மேல் ரயிலை ஓட்டுவதாகத் திட்டம். தோணி தோணியாகப் பாறை வந்தது. அதை இறக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். சிம்பாங் ரெங்கத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவும் கூலி கூட என்று கேட்டு வந்து சேர்ந்தார்.

அந்த நாலு வருஷந்தான் ருக்னுதீனின் பொற்காலம். காலையில் ஒரு கூட்டம், பகலில் ஒரு கூட்டம், நடுநடுவே ரயில் கூட்டம். கல் தூக்குகிறவர்களுக்கு இரண்டாவது அகப்பை மூன்றாவதாகவும் ஆகும். ருக்னுதீனை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சுல்தானுக்குத் துணையாக இன்னும் இரண்டு ரொட்டிக்காரர்கள் வந்தார்கள்.

"பாய், ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா?" என்றார் அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே. "நாங்க கடல்ல ஒரு கல்லு போட்டா ஒங்க கடையில ஒரு கல்லு உருவுறோம்னு அர்த்தம்."

"அப்ப மெதுவாப் போடு. இத மொதல்ல தின்னு" என்று ருக்னுதீன் அவர் இலையில் ஆணத்தை ஊற்றினார். பந்தி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

வேலை பாதி முடிந்தபோது அவர் கொட்டகையைப் பிரித்துவிட்டுச் செங்கல்லில் கடை கட்ட ஆரம்பித்தார். மேலே பலகையில் ஒரு மாடி, அதற்குத் தகரக் கூரை. வழுவழுப்பான கல் பதித்த வட்ட மேசைகள் சிங்கப்பூரிலிருந்து படகில் வந்தன. தமிழ், மலாய், இங்கிலீஷ் என்று மூன்று எழுத்திலும் பெயர்ப் பலகை.

பாலத்து வேலை ஆபீசில் ராஜசேகரன் என்று ஒரு குமாஸ்தா இருந்தார், கிராணி என்பார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். துரைமார் மேசையில் விரித்துவைக்கும் வரைபடத்தையெல்லாம் பார்க்கிறவர். அவர் சாப்பிட வந்தபோது கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மாடி எதுக்கு பாய்?"

"சனம் வரும்ல கிராணியாரே. படகுலயே இம்புட்டுப் பேரு வர்றாங்க. பாதை தொறந்துட்டா பத்து மடங்கு வரும். ஒக்கார எடம் வேணாமா?"

"வரும் பாய். நிக்குமா?"

ருக்னுதீன் கையில் அகப்பையோடு அப்படியே நின்றார். பிறகு, "ஆம்பளைக்குப் பசிச்சா நிக்காம எங்க போவான்?" என்றார். கிராணி ஊற்றியதைச் சாப்பிட்டார். ஆனால் அன்றைக்கு ருக்னுதீன் ரயிலடிக்குப் பதினைந்து முறையாவது நடந்திருப்பார் என்றார் அப்பா. ஸ்டேஷன் ஆட்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். வண்டி இங்கே நிற்குமா? நிற்கும் என்றார்கள். அந்த பதில் அவருக்குப் போதுமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. ஜொகூரில் ரயில் நின்றால் சனம் இறங்கும், இறங்கினால் காத்திருக்கும். பத்து வருஷமாக அவர் பார்த்த உலகம் அது.

1923 அக்டோபரில் பயணிகள் ரயில் பாலத்தின் மேல் ஓட ஆரம்பித்தது. அன்று ருக்னுதீன் இரண்டு மடங்கு சமைத்தார். மாடியிலும் இலை போட்டாயிற்று. கடை முகப்பில் மாவிலைத் தோரணம், அப்பாவும் நாலு பேரும் கட்டிக் கொடுத்தது. சம்சாத் பேகம் புதுச் சேலையில் அடுப்படி வாசலில் நின்றார்.

வளைவில் வண்டி ஊதியது. சுல்தான் முதல் ரொட்டியை வீசினான்.

வண்டி ஸ்டேஷனில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ருக்னுதீன் வாசலில் நின்று கையை அகல விரித்து, வருகிறவர்களை வரவேற்கத் தயாராக இருந்தார். உள்ளூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இறங்கி அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். அவ்வளவுதான். பிறகு இன்னொரு ஊதல் கேட்டது. அது கடல் பக்கமிருந்து வந்தது.

ரயில் தண்ணீருக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். சிக்கந்தர் ராவுத்தர் என்று மாதம் இருமுறை கடைக்கு வரும் துணி வியாபாரி, ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்துக் கையை உயர்த்தி சலாம் சொல்லிக்கொண்டே போனார்.

"காக்கா, இன்னும் போடவா?" என்று உள்ளேயிருந்து சுல்தான் கேட்டான்.

"போடு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடியும், "போடு" என்றார். கல்லுக்குப் பக்கத்தில் ரொட்டி முழங்கால் உயரத்துக்கு அடுக்காகிவிட்டது. அன்றைக்கு அப்பாவும் கல் தூக்கின ஆட்களும்தான் மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ருக்னுதீன் எல்லா இலைக்கும் இரண்டாவது அகப்பை ஊற்றினார். அப்பாவின் இலைக்கு வந்தபோது, "நல்லாத்தான் போட்டிருக்கீங்கடா பாதைய" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. வண்டி வரும்போதெல்லாம் பிளாட்பாரத்தில் நின்று பழைய வாடிக்கைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வண்டி நின்றது ஐந்து நிமிஷம். ஒரு நாள் சிக்கந்தர் ராவுத்தர் மனசு கேட்காமல் இறங்கினார்.

"அஞ்சே நிமிஷம் ருக்னு. விட்டுட்டா அக்கரையில எனக்குக் கடை நாறிப்போவும்."

"ஒங்கள விட்டுட்டு வண்டி போயிருமா மாமா? ஒக்காருங்க."

ரொட்டி வந்தது, ஆணம் வந்தது. ராவுத்தர் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார். ருக்னுதீன் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து இரண்டாவது அகப்பையை ஊற்றினார். அப்போது கடல் பக்கம் ஊதல் கேட்டது. ராவுத்தர் எச்சில் கையோடு, ஒரு கால் செருப்போடு, பாலத்தின் மேல் ரயிலைத் துரத்திக்கொண்டு ஓடியதை ஊரே பார்த்தது. அவருடைய துணி மூட்டைகள் அவருக்கு முன்னால் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. பயணிகளைக் கீழே இறங்கச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது என்று மறுநாளே ஸ்டேஷனில் உத்தரவு போட்டார்கள்.

படகுகள் நின்றன. துறையிலிருந்த மற்ற கடைகள் ஒவ்வொன்றாக மூடின. மாடி மேசைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி விலைக்குப் போயின. சுல்தானுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. "ஒங்கள விட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க காக்கா" என்றான். "வளைவுல ஊதுனா எனக்கு இன்னமும் கை தானாத் தூக்குது. இங்க இருந்தா பைத்தியம் புடிச்சிரும்." ருக்னுதீன் அவன் மூட்டையை ஸ்டேஷன் வரை தானே தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார்.

நடை மட்டும் குறையவில்லை. படகில்லாத துறைக்கு ஒரு நடை, ஐந்து நிமிஷ ரயிலுக்கு ஒரு நடை.

1925 மழைக்காலத்தில் ஒரு நாள். பிளாட்பார வேலிக்கு வெளியே நின்றிருந்தார். புறப்பட்ட வண்டியின் ஜன்னலில் ஒருவர் மடியில் இலையை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈரக் காற்றில் வாசனை வந்தது. அது அவருடைய ஆணம். அடுத்த ஜன்னலிலும் இலை. அதற்கடுத்ததிலும். பிளாட்பாரத்தின் கடைசியில் காலிக் கூடையோடு சம்சாத் பேகம் நின்றிருந்தார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வீட்டில் சம்சாத் பேகமே ஆரம்பித்தார். "திட்டணும்னா திட்டுங்க மச்சான். ரெண்டு வாரமா நாந்தான் கட்டி விக்கிறேன். இந்தக் கடைய மூடுறத என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

ருக்னுதீன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். ஆறேழு முறை நடந்திருப்பார்.

"ஒரு தடவ ஊத்திக் கட்டுற. சரி. ரெண்டாவது?"

"என்ன ரெண்டாவது?"

"பாதிச் சோத்துல ஆணம் தீந்துரும். அப்ப அவன் யாரக் கேப்பான்?"

"அலமாக், வண்டி நிக்கிறதே அஞ்சு நிமிஷம். எப்படி ஊத்துறது மச்சான்?"

மறுநாள் அவர் பிளாட்பாரத்துக்கு ஒரு வாளி ஆணத்தோடு வந்தார். சம்சாத் பேகம் முன்னால் ஜன்னல் ஜன்னலாகப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு போக, இவர் கடைசியில் நின்றார். முதல் ஜன்னல்காரர் பாதி சாப்பிட்டிருப்பார், வண்டி நகரும். இவர் வாளியோடு கூடவே ஓடுவார். ஒவ்வொரு ஜன்னலிலும் அகப்பை உள்ளே போய் வெளியே வரும். சிலர் சிரித்தார்கள், சிலர் இலையை நீட்டினார்கள், குழந்தைகள் ஜன்னலுக்கு ஜன்னல் சண்டை போட்டன. பிளாட்பாரம் முடியும் இடத்தில்தான் நிற்பார், மூச்சு வாங்க, சட்டையெல்லாம் மஞ்சளாக. ஊரில் சிலருக்கு இது வேடிக்கையாக இருந்தது. பொட்டலம் கட்ட மாட்டேன் என்றவர் இப்போது ரயிலைத் துரத்துகிறார் என்று பேசினார்கள். ஆனால் விற்பனை ஏறியது. கடையைக் காப்பாற்றிவிடலாம் என்று இருவரும் நம்பிய மாதங்கள் அவை.

ஒரு நாள் ரயில் ஜன்னலில் ராஜசேகரன் கிராணி. அவர் பொட்டலம் வாங்கவே இல்லை, பக்கத்தில் இருந்தவர்தான் வாங்கினார். ஓட்டத்தில் அகப்பை தடம் மாறிவிட்டது. மடிப்புக் கலையாத அந்த வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து வயிறு வரை மீன் ஆணம். கிராணி நல்ல மனுஷர், புகார் சொல்லவில்லை. அதே பெட்டியில் இருந்த வேறு யாரோ சொன்னார்கள். பிளாட்பாரத்துக்குள் வாளி வரக்கூடாது என்று ஆகிவிட்டது.

சம்சாத் பேகம், பொட்டலத்தை மட்டும் தொடர்ந்து விற்கலாம் என்றார். கடை தப்பிக்க அந்த ஒரு வழிதான் இருந்தது. ருக்னுதீன் ஒரு முழுநாள் யோசித்தார், அதாவது நடந்தார். "ஒருத்தனுக்கு ஒரு பொட்டலம்னு என்னால சொல்ல முடியாது சம்சாத்" என்றார் கடைசியில். அந்த மாதமே கடை கைமாறியது. கப்பலுக்குக் கயிறும் தகரமும் விற்கும் ஒரு சீன முதலாளி, ஒரு தவ்கே, வாங்கிக்கொண்டார். நாற்காலியைப் பூனைக்கே விட்டுவிட்டு வந்ததாக ருக்னுதீன் பிறகு சொல்வாராம்.

பாலத்து வேலை முடிந்தபின் அப்பா வடக்கே கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டப் போயிருந்தார். இந்தச் செய்தி கேட்டு ஓடி வந்தார்.

"பாய், கூலாய் ஸ்டேஷன்ல ஒரு விசேஷம் இருக்கு. ஒத்தத் தண்டவாளம். வடக்க போற வண்டி அங்க ஒதுங்கி நின்னு, தெக்க வர்ற வண்டிக்கு வழி விடணும்."

"எம்புட்டு நேரம் நிக்கும்?"

"பதினஞ்சு நிமிஷம். சில நாளு இருபது."

இந்த முறை அவர் முதலில் கேட்டது அதைத்தான். அடுத்த வண்டியிலேயே கூலாய்க்குப் போய், அங்கே தண்டவாளத்தைக் கால்களால் அளந்துகொண்டு ஒரு பகல் முழுக்க நடந்தார். பத்தொன்பது நிமிஷம் நின்றது வண்டி.

ஸ்டேஷன் வேலிக்கு ஓரமாக ஓலைக் கொட்டகை. நாலு பலகை. உட்கார நேரமிருப்பவனுக்கு இலை, இல்லாதவனுக்குச் சம்சாத் பேகத்தின் பொட்டலம். கூலாய் சின்ன ஸ்டேஷன், வாளியைத் தடுக்க அங்கே யாருமில்லை. பத்தொன்பது நிமிஷத்தில் எல்லா ஜன்னலுக்கும் இரண்டாவது அகப்பை போய்ச் சேர்ந்தது. மாடி கிடையாது, மேசை கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. ஐந்து வருஷம் அப்படி ஓடியது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தினார்கள். ஊருக்குத் திரும்ப வடக்கே துறைமுகத்தில் கப்பல் ஏறப் போகிறவர்களால் அந்தப் பக்கம் போகும் வண்டிகள் நிறைந்தன. கையில் காசு இல்லாத கூட்டம். பொட்டலம் வாங்க ஆளில்லை. கொட்டகையையும் பிரிக்க வேண்டிவரும் என்று ருக்னுதீனுக்குத் தெரிந்துவிட்டது. முன்னைவிட அதிகமாக நடந்தார்.

1931இல் எங்கள் முறை வந்தது. அப்பா, அம்மா ராசம்மா, அம்மா மடியில் நான். எனக்கு எட்டு மாதம். அப்பா ருக்னுதீனிடம் சொல்லிக்கொள்ளாமல், கூலாய்க்கு முந்தின ஸ்டேஷனிலேயே வண்டி ஏறினார். வாங்கக் காசில்லாதபோது அந்த முகத்தைப் பார்க்க வெட்கம்.

கூலாயில் வண்டி ஒதுங்கி நின்றது. சம்சாத் பேகம் கூடையோடு வந்தார். அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பொட்டலம் வைத்துக்கொண்டே போனார். அப்பா வேண்டாமென்று கையை மடக்கினார்.

"காசில்லம்மா."

"விக்கறதுக்குக் கட்டுனது இல்ல. அவரே காலையில ஒக்காந்து கட்டுனாரு" என்றார் சம்சாத் பேகம்.

ருக்னுதீன் உட்கார்ந்தார் என்பதைத்தான் அப்பாவால் நம்ப முடியவில்லை. இலையைப் பிரித்தார். அம்மாவும் பிரித்தார். அன்று தெற்கே வரும் வண்டி நேரத்துக்கே வந்துவிட்டது, எங்கள் வண்டி முன்கூட்டியே நகர்ந்தது. பின்னாலிருந்து ஓடி வரும் சத்தம் கேட்டது. வாளி தளும்ப, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நரைத்த தாடியோடு ருக்னுதீன்.

"காளி, எலைய நீட்டுறா."

ஊற்றினார். அம்மா இலையிலும் ஊற்றினார். அடுத்த ஜன்னலை எட்டிப் பிடிக்க முடியவில்லை, வண்டி வேகம் எடுத்துவிட்டது. அப்பா வெளியே கையை நீட்டி அகப்பையை வாங்கினார், வாளியையும் எட்டி வாங்கிக்கொண்டார். பெட்டிக்குள்ளே எழுந்து நின்று, ஒவ்வொரு இலையாக ஊற்றத் தொடங்கினார்.

ருக்னுதீன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்.

"வாளியக் கொண்டுபோ. அகப்பையப் போட்டுட்டுப் போடா. அடுத்த வண்டிக்கு வேணும்."

அப்பா திரும்பிப் பார்த்தார். பெட்டியில் இன்னும் பதினோரு பேர் இலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அகப்பையைப் போடவில்லை.